கொடி எடுத்த பிறகு

செப்டம்பர் 14, ஞாயிறு

அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்துவிட்டது. முதலாளியின் மகன் சஞ்சீவ் அனுப்பியது. உள்ளே ஒரு வெள்ளை டப்பா, ஒரு கழுத்துப்பட்டை, ஒரு கட்டு வெள்ளைக் கொடி, ஒரு புத்தகம். டப்பாவை வீட்டுக்குள் கரண்டில் சொருகினால் அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் விழுமாம். பட்டை கட்டிய நாய் அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் திரியலாம். விளிம்புக்கு வந்தால் பட்டை பீப் என்று கத்தும். தாண்டினால் ஷாக் அடிக்கும். கம்பியும் வேண்டாம், சுவரும் வேண்டாம்.

முதலாளியின் தோட்டத்து வீட்டுக்கு மூன்று பக்கம் சுவர் இருக்கிறது. நாலாவது பக்கம் திறந்து கிடக்கிறது. சில வருஷம் முன்னால் அங்கேயும் கட்டுவதற்கு அஸ்திவாரம் தோண்டினார். எங்கள் காலனிப் பாதையைச் சேர்த்துத் தோண்டினார். அது பொதுப்பாதை. எங்கள் தெருவில் தொடங்கி, தோட்டத்தின் ஓரமாகப் போய், வேலமரத்தடியில் இரண்டாகப் பிரியும். ஒன்று மில் வண்டி நிற்கிற தார் ரோட்டுக்கு, ஒன்று எங்கள் சுடுகாட்டுக்கு. சுடுகாட்டுக்கு வேறு வழி என்றால் ஓடையில் இறங்கித்தான் போகவேண்டும். தெருவே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது. தாசில்தார் வந்து, பாதையை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி கட்டவே இல்லை. விட்டுக் கட்டுவதற்குத் திறந்தே கிடக்கட்டும் என்று போட்டுவிட்டார்.

அந்த வழியாகத்தான் நாய் ஓடிவிடுகிறது. டாபர்மேன், ஒரு வயசு. கட்டிப்போட்டால் இரவெல்லாம் ஊளை. பேரன் போனில் வைத்த பெயர் குக்கி. முதலாளிக்கு அந்தப் பெயரைச் சொல்ல வெட்கம், ராஜா என்பார். நாய் இரண்டுக்கும் வராது. 'டேய்' என்றால் வரும். முதலாளி என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

என் வேலை மோட்டார் போடுவது, தென்னைக்குத் தண்ணீர் விடுவது, நாய். இன்றிலிருந்து இந்த டப்பாவும். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்தது இதற்காவது உதவட்டும் என்றார் முதலாளி. புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, படத்தைப் பார்த்தால் புரிகிறது. எழுதிவைத்துக்கொள்ள உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி ஒன்றும் தந்தார். தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டப்பாவை வீட்டுக்கு நடுவில் வைக்கவேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. சஞ்சீவும் வீடியோ காலில் அதையேதான் சொன்னார். நான் ஹாலில் ஆணி அடிக்கப்போனேன். வாஸ்து பார்க்கிற சென்னிமலைக்காரர் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு சாமான நடுவூட்ல வெப்பாங்களா? பிரம்ம ஸ்தானமுங்க அது. மிக்சி, மோட்டாரு, இது எல்லாமே அக்னி மூலைலதான் இருக்கோணும்" என்றார்.

"அது வெறும் சிக்னல்ப்பா, மிக்சி இல்ல" என்றார் சஞ்சீவ் போனுக்குள்ளிருந்து.

"உங்கூர்ல அப்படி இருக்கலாம் கண்ணு."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். அப்புறம் தென்கிழக்கு மூலையில் இருக்கிற ஸ்டோர் ரூமைக் காட்டினார். அங்கே மாட்டினேன். தோட்டத்தின் திறந்த பக்கமும் தென்கிழக்குத்தான்.

பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். பீப் வருகிற இடத்தில் ஒரு கொடி. வடமேற்கில் கிணற்றுக்குப் போவதற்கு முன்பே பீப் வந்துவிட்டது. இந்தப் பக்கம் நடந்தேன், நடந்தேன், வரவில்லை. அஸ்திவாரக் குழியைத் தாண்டினேன், வரவில்லை. பாதையைத் தாண்டினேன். அதற்கு அந்தப் பக்கம் கருவேலம் புதரில் வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். டப்பாவில் ஒரு திருகு இருக்கிறது, வட்டத்தைச் சின்னதாக்கலாம் என்றும் சொன்னேன்.

"சின்னது பண்ணுனா நாய் கிணத்துப் பக்கம் இன்னும் போவ முடியாதே" என்றார். அப்புறம் போர்ட்டிகோவில் நின்று கொடிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு ஊனுனாத்தான கேசு. இது காத்து. நட்டுட்டு வா."

நட்டுவிட்டு வந்தேன்.

ஷாக் எப்படி இருக்கும் என்று என் கையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சுள்ளென்றது. பரவாயில்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

தங்கச்சி தாரணி மில்லில் இருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "பாதைல என்னடா கொடி?"

"நாய்க்கு."

"நாய்க்குக் கொடி தெரியுமா?"

"கத்துக் குடுக்கோணும். அந்தக் கொடிக்குள்ள அது இஷ்டத்துக்குச் சுத்தும். வெளிய வராது."

"அப்ப நாங்க நடக்கறது அதோட வட்டத்துக்குள்ளயா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரு நட்டது, நீயா?"

"அளவு பாத்தது மட்டும் நானு. மிஷின் காட்டுன எடத்துல வெச்சேன்."

"பரவால்ல அம்மிணி, மொதலாளி ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல" என்றார் அப்பா, கட்டிலில் இருந்து. இந்த ஒரு வரியைச் சொல்ல மூன்று தடவை மூச்சு வாங்கினார். முதலாளியின் கிரஷரில் பதினாறு வருஷம் கல் உடைத்தவர். கிரஷரை விற்றுத்தான் முதலாளி இந்தத் தோட்டத்தை வாங்கினார்.

செப்டம்பர் 18, வியாழன்

பெண்கள் கொடிக்கு வெளியே, புதரை ஒட்டிச் சுற்றிப் போகிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நாயைக் கயிற்றில் பிடித்துக் கொடிப் பக்கம் கூட்டிப்போகிறேன். பீப் வந்ததும் 'பின்னாடி' என்று சொல்லி இழுக்கவேண்டும். திரும்பி வந்தால் ஒரு துண்டு ஈரல். முதல் இரண்டு நாள் இரண்டு தடவை ஷாக் வாங்கியது. அலறவில்லை. தரையை மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது. நான்தான் செய்தேன் என்று அதற்குத் தெரியவில்லை. இப்போது கொடியைப் பார்த்தாலே திரும்பிவிடுகிறது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். நாயை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டவேண்டும். நடத்திக் கூட்டிப்போகக் கூடாது. ஒரு தடவை தானாக நடந்து தாண்டிவிட்டால் படித்ததெல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தூக்கினால் அது கணக்கில் வராது. படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே தூக்கிப்போகிறான்.

மத்தியானம் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேவை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். "எத்தனை வருஷம் கல்லு வேலை?" என்று மட்டும் கேட்டார். அட்மிட் செய்யவில்லை. "வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க. கேக்கறதைக் குடுங்க" என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டார் அப்பா. கொடுத்தேன்.

தாரணியிடம் மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

செப்டம்பர் 29, திங்கள்

எங்கள் தெருக் கிழவி மயிலாத்தாவை நாய் கடித்துவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு பாதை நடுவில் வந்திருக்கிறது. வயசானது, புதரைச் சுற்ற முட்டி ஒத்துழைக்கவில்லை. கெண்டைக்காலில் நாலு பல். நான் மோட்டார் ரூமில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி 'டேய்' என்றதும் விட்டுவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தது, ஈரல் கேட்டு.

"அது அதோட எல்லைக்குள்ளதான நின்னுருக்குது" என்றார் முதலாளி. கோபமே இல்லாமல் சொன்னார். அப்புறம் அவரே காரை எடுத்து, பின் சீட்டில் சாக்கை விரித்து, மயிலாத்தாவை ஊசி போடக் கூட்டிப்போனார். திரும்பி வந்து எங்கள் தெருமுனைக் கரண்ட் கம்பத்தடியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நானும் சின்னப்பையன் மாமாவும் தாங்கிக் கூட்டிவந்தோம். கம்பத்தைத் தாண்டி முதலாளியின் கார் வந்ததில்லை. அவரும் வந்ததில்லை. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே, கூப்பிட வேண்டுமென்றால் அந்தக் கம்பத்தடியில் நின்றுதான் ஹாரன் அடிப்பார்.

"கார்ல ஏசி போட்டாருடா பூபதி" என்றது மயிலாத்தா. "குளுந்து போச்சு. செத்துட்டனாக்கும்னு நெனச்சுட்டேன்."

அக்டோபர் 3, வெள்ளி

தாரணி மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இன்று விஏஓவும் தலையாரியும் வந்து நிற்கும்போதுதான் தெரிந்தது. அவளும் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து பாதையில் நின்றாள். முதலாளி மூன்று நாற்காலி போடச் சொன்னார். முதலாளிக்கு, விஏஓவுக்கு, தலையாரிக்கு. நான் போட்டேன். மோர் கொடுத்தேன்.

"வேலி எங்கம்மா?" என்றார் விஏஓ.

"வேலி இல்லைங்க சார். கொடி."

"கொடி கம்பத்துல கெட்டுனதா, கல்லுல ஊனுனதா?"

"சும்மா குச்சிங்க. ஆனா அதுக்குள்ள போனா நாய் கடிக்குதுங்க."

"நாய் கடிச்சா நாயப் பத்தி எழுதோணும். நீ ஆக்கிரமிப்புன்னு எழுதிருக்க." விஏஓ எழுந்து பாதையில் நடந்தார். நாயை நான் கயிற்றில் பிடித்திருந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார், திரும்பி வந்தார். "நான் நடந்தேன்ல. யாராச்சும் தடுத்தாங்களா? பாதை பாதையாத்தான் இருக்குது."

"நாய அவுத்து விட்டுட்டு நடங்க சார்" என்றாள் தாரணி.

தலையாரி சிரித்துவிட்டார். அப்புறம் முதலாளியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஏம்பா, இந்த மிஷினு பாதையத் தாண்டிப் போவுதா?" என்று விஏஓ என்னைக் கேட்டார். "நீதான் வெச்சதாமே."

முதலாளி மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். தாரணி என்னைப் பார்த்தாள்.

"காத்துல வர்ற சிக்னலுங்க சார். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்" என்றேன்.

ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ராத்திரி தாரணி எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். தண்ணீர் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 8, புதன்

கொடிகளை எடுக்க ஆரம்பித்தேன். ஒன்று விட்டு ஒன்று எடுக்கவேண்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி ஒன்று விட்டு ஒன்று. நாய்க்கு எல்லை மனசில் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு முதலாளி ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்பினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு கொடி கூட இல்லை. நாய் சரியாக அந்த இடத்தில் நின்று திரும்புகிறது. எதிரில் ஒரு பூனை போனது, அப்போதும் தாண்டவில்லை. முதலாளி சஞ்சீவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். என்னைத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் மில் விட்டு வந்த பெண்கள் கொடி இருந்த இடத்தில் திரும்பிப் புதரைச் சுற்றிப் போனார்கள். அந்த நேரம் நாய் கொட்டகையில் கட்டியிருந்தது. அங்கே ஒரு புதுத் தடம் விழுந்திருக்கிறது. பழைய பாதையில் கோரை முளைக்கிறது. நாய்க்கு ஈரல் கொடுக்கவேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தெருவில் சின்னப் பையன்கள் வெடி வெடித்தார்கள். முதலாளி நாயை ஸ்டோர் ரூமுக்குள் போட்டுப் பூட்டி ரேடியோ வைத்திருந்தார். வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டு எல்லையைத் தாண்டிவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். காலையில் போய்க் கறிச்சோறு வைத்துவிட்டு வந்தேன். அதிரசம் கொடுத்தார்கள்.

அப்பா அதிரசத்தை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். முழுங்க முடியவில்லை. நான் கையை நீட்டினேன், துப்பினார்.

"பூபதி, என்னை எந்த வழியாடா கொண்டுபோவீங்க?"

"எங்கயும் கொண்டுபோவல. கம்முனு படு."

"உங்கம்மாவப் பாதைலதான் கொண்டுபோனோம். ஓடை வேண்டாம்டா. மழை வரும் போல இருக்குது. தண்ணில பாடை தூக்குனா காலு நிக்காது. சோலையப்பன ஓடைல கொண்டுபோயி முகங்குப்பற விழுந்தான் பாரு."

ஊருக்குள் இருக்கிற தார் ரோட்டை அவர் சொல்லவே இல்லை. அந்த வழியாக எங்கள் தெருப் பிணம் போனதில்லை.

"மொதலாளிகிட்டக் கேளு. நாயக் கட்டிப்போடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

கேட்கிறேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை.

அக்டோபர் 25, சனி

இன்று கேட்கலாம் என்று போனேன். ஆடிட்டர் வந்திருந்தார்.

அக்டோபர் 27, திங்கள்

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். தாரணி காப்பி வைத்துக்கொண்டுபோய் எழுப்பியிருக்கிறாள். எழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. நான் மூடினேன்.

நாய்க்குச் சோறு வைக்க வேறு ஆள் இல்லை. என்னையும் முதலாளியையும் தவிர யார் போனாலும் கடிக்கும். அதனால் போனேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நல்ல வேலக்காரன்டா உங்கப்பன். ஒரு நாளு லீவு போட்டதில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடைல தண்ணி கொறைஞ்சிருச்சாம். பாத்துப் போங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

"தப்பு அடிப்பாங்கல்ல, வேட்டும் போடுவாங்க. ராஜாவ நானே ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிடறேன். நீ சோத்த மட்டும் வெச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். நான் வெளியே வரும்போதே பூட்டிவிட்டார். ரேடியோ சத்தம் கேட்டது.

மத்தியானம் எடுத்தோம். வலது பக்கம் முன்னால் நான், பின்னால் சின்னப்பையன் மாமா. கரண்ட் கம்பத்தடியில் பாடையை இறக்கித் தோள் மாற்றினோம். பெண்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும், அது வழக்கம். தாரணி நின்றாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

பாதை தெரிகிற இடம் வந்தது. முன்னால் போனவன் நான். என் கால் ஓடைப் பக்கம் திரும்பியது. பின்னால் எல்லோரும் திரும்பினார்கள்.

"அண்ணா" என்று தாரணி கம்பத்தடியிலிருந்து கூப்பிட்டாள். தப்புச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தது.

தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. அடியில் உருட்டுக்கல். நடுவில் மாமாவுக்குக் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா விழவில்லை, கட்டியிருந்தோம். முகத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. மாலை அவிழ்ந்து போய்விட்டது. ஒரு பையன் அதைப் பிடிக்கப் போனான், விடுடா என்றார்கள்.

குழியிலும் தண்ணீர் ஊறியிருந்தது. சட்டியால் இறைத்துவிட்டு வைத்தோம்.

பாதையில் நாய் இருக்குமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பட்டைக்குப் பேட்டரி மாற்றினேன்.

ராத்திரி தாரணி அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நேற்று நாய் ரூமுக்குள் பூட்டியிருந்தது என்று அவளிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"ம்."

ஒரு வேட்டியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். "காலைல பால் ஊத்த நானும் வருவேன்" என்றாள்.

"பொம்பளைங்க வரமாட்டாங்க."

"ஓடை வழியா வரமாட்டேன்" என்றாள்.

அக்டோபர் 29, புதன்

மூன்றாம் நாள் பால். மாமா ஆட்கள் எட்டு மணிக்கு ஓடைப் பக்கம் வருவதாகப் பேச்சு. அதற்குள் நாய்க்குச் சோறு வைத்துவிடலாம் என்று போயிருந்தேன். முதலாளி போர்ட்டிகோவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். நாய் சாப்பிட்டு முடித்துவிட்டு, பட்டையோடு தென்னைக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

தாரணி பாதையில் வந்தாள். கையில் பால் சொம்பு, அதன்மேல் ஒரு வாழை இலைத் துண்டு. நேற்றுக் கட்டிய சேலைதான். புதர்ப் பக்கம் திரும்பவில்லை. கோரையை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள்.

நாய் பார்த்துவிட்டது. அது ஓடும்போது குரைக்காது. மயிலாத்தாவிடம் போனபோதும் குரைக்கவில்லை.

"டேய்" என்றேன்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. அவளும் நின்றுவிட்டாள். பால் கொஞ்சம் இலைமேல் சிந்தியது. ஆனால் பின்னால் போகவில்லை.

"அந்தப் புள்ளையச் சுத்திப் போகச் சொல்லுடா" என்றார் முதலாளி. "அது அதோட எல்லைக்குள்ளதான நிக்குது."

நான் நடந்து போனேன். நாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பட்டையைக் கழற்றினேன். அதன் கழுத்தில் இரண்டு பக்கமும் முடி போய், புளியங்கொட்டை அளவுக்குப் புண் இருந்தது. இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தேனோ என்னவோ. பட்டையைத் தரையில் வைத்தேன். முன்னங்காலுக்கு அடியில் ஒரு கை, பின்னங்காலுக்கு அடியில் ஒரு கை. தூக்கி வலது தோளில் போட்டேன்.

"என்றா பண்ற?"

"வெளிய கூட்டிட்டுப் போறதுன்னா இப்படித்தானுங்க கூட்டிட்டுப் போகோணும். புக்குல இருக்குது."

"உன்னைய யாருடா வெளிய கூட்டிட்டுப் போகச் சொன்னா?"

சிமெண்ட் மூட்டை தூக்கியிருக்கிறேன். இது அந்தக் கனம் இல்லை. ஆனால் மூட்டை மூச்சு விடாது. தாரணி முன்னால் நடந்தாள். நான் பின்னால். கொடி இருந்த இடம் வரும்போது நாய் உடம்பை விறைத்துக்கொண்டு என் கழுத்தை இறுக்கியது. பட்டை இல்லை. அப்படியும் ஷாக் வரும் என்று அதற்குத் தெரியும். நகம் முதுகில் கீறியது. தாண்டினேன். ஒன்றும் வரவில்லை. அது என் காதுக்குள் கொட்டாவி விட்டது.

வேலமரத்தடியில் தோள் மாற்றினேன்.

தாரணி திரும்பிப் பார்த்தாள். "எறக்கி உடேன், நடக்கட்டும்."

"நடந்தா படிச்சதெல்லாம் மறந்துரும்."

"அதான் சொல்றேன்."

இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அவள் பின்னால் போனது.

மண் இன்னும் ஈரமாக இருந்தது. தாரணி பால் ஊற்றினாள். மீதியை என்னிடம் கொடுத்தாள், நான் ஊற்றினேன். மண்ணில் தேங்கிய பாலை நாய் நக்கப்போனது. மாமா ஆட்கள் அப்போதுதான் ஓடையில் இருந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு மேலே ஏறினார்கள். எங்களைப் பார்த்து நின்றார்கள். அவளையா, நாயையா, யாரைப் பார்த்து நின்றார்கள் என்று தெரியவில்லை.

"எந்த வழியாடா வந்தீங்க?" என்றார் மாமா.

"வழியாத்தான் வந்தோம்" என்றாள் தாரணி.

திரும்பும்போது எல்லோரும் பாதையிலேயே வந்தோம். நாய் முன்னால் ஓடியது. கொடி இருந்த இடத்தில் நிற்கவில்லை. முதலாளி போர்ட்டிகோவில் அப்படியே இருந்தார். பட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் உள்ளே போய் நாயைக் கொட்டகையில் விட்டுவிட்டு, மோட்டார் ரூம் சாவியைத் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், "நம்ம ஊருப் பையனா ஒருத்தன் வேணும்" என்று.

அக்டோபர் 30, வியாழன்

வேலை இல்லை. தூங்கினேன்.

நவம்பர் 1, சனி

மயிலாத்தா ஆட்டை ஓட்டிக்கொண்டு பாதை வழியாகப் போனது. கையில் ஒரு கம்பு. கூட யாரும் போகவில்லை. திரும்பியும் அதே வழியாக வந்தது. என்னைப் பார்த்ததும், "நாயி இன்னும் இருக்குதுடா, ஊருப் பையன் கயித்துல புடிச்சுக்கிட்டுப் புதுசாக் கொடி நடறான்" என்றது.

"எந்த இடத்துல?"

"உன்ற எடத்துலயேதான்."

"அப்புறம் எப்படிப் போன?"

"அதான் புடிச்சுருக்கானே."

நவம்பர் 2, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நாய் தெருவில் வந்தது. கழுத்தில் பட்டை இருந்தது. ஷாக் வாங்கிக்கொண்டேதான் வந்திருக்கவேண்டும். அலறாது, அது அப்படித்தான். வழியில் இருந்த நாய்களெல்லாம் குரைத்தன. ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக வந்து என் காலடியில் படுத்தது. பட்டையைக் கழற்றினேன். புண் பெரிதாகியிருந்தது. தாரணி ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"இதுக்கு மஞ்சள் வெக்கலாமா?" என்றாள்.

"நக்கிரும்."

"நக்கட்டும்." வைத்தாள்.

அப்போது கார் வந்தது. கரண்ட் கம்பத்தடியில் நின்றது. ஹாரன் அடித்தது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். முதலாளி தனியாக வந்திருந்தார். புதுப் பையனை நாய் கடித்திருக்கும். கண்ணாடியை இறக்கினார்.

"ராஜா" என்று கூப்பிட்டார். நாய் சோறு தின்றது. மறுபடி ஹாரன். "குக்கி" என்றார், கொஞ்சம் மெதுவாக. பிள்ளைகள் சிரித்தார்கள்.

கார்க் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். செருப்பு கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கேயே நின்றார். கம்பத்திலிருந்து எங்கள் வாசல் பத்துப் பதினைந்து எட்டு வைக்கிற தூரம் இருக்கும். தார் போட்ட தெருதான், சேறு கூட இல்லை. அவர் நின்ற இடத்தில் யாரும் கொடி நடவில்லை.

"டேய்" என்றார்.

யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. நாய் காதைத் தூக்கிவிட்டு மறுபடி தட்டை நக்கியது. நானும் எழுந்திருக்கவில்லை.

தாரணி மஞ்சள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள், அவருக்கும் கேட்கிற மாதிரி:

"அவரு உள்ள வரோணும்னா தூக்கிட்டு வரோணுமான்னு கேளுண்ணா."